முதல் ஸ்கூபா பயணம்: எந்தக் கடலுக்குப் போவது?

நீர்க்காகம்:

வணக்கம். ஸ்கூபாவின் தொடக்கநிலையான ஓப்பன் வாட்டர் பயிற்சியில் பாடப் பகுதியும் நீச்சல் குளப் பயிற்சியும் முடிந்துவிட்டன. கடலில் செய்ய வேண்டிய நான்கு முக்குளிப்புகள் மட்டும் பாக்கி. ஒரு வார விடுப்பு கிடைக்கும். அதற்குள் அந்த நான்கையும் முடித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, எஞ்சிய நாள்களில் பயிற்சி என்ற பதற்றம் இல்லாமல் சில முறையாவது கடலுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது எண்ணம். மாலத்தீவில் தங்கு படகு (பல நாள் கடலிலேயே தங்கி முக்குளிக்கும் படகு), எகிப்தின் தஹாப், தாய்லாந்தின் கோ தாவ், அந்தமானின் ஸ்வராஜ் தீவு (முன்னாள் ஹேவ்லாக்), இந்தோனேசியாவின் கொமோடோ ஆகியவை என் பட்டியலில் உள்ளன. மாண்டா திருக்கைகளைப் பார்க்கும் ஆசையால்தான் முதலாவதும் கடைசியும் பட்டியலில் ஏறின. நீச்சல் நன்றாக வரும். ஆனால் காலுக்குக் கீழே தரை தெரியாத இடத்தில் மூச்சு வேகமாகிவிடுகிறது. இவற்றில் எதை, எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கடலாடி:

கொமோடோவை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் போகும் நீர் அந்தத் தீவுகளின் இடுக்குகள் வழியே பாய்வதால் அங்கே நீரோட்டம் கடுமையானது. அது பக்கவாட்டில் மட்டும் இழுக்காது. கடலடி மேடுகளில் மோதிய நீர் சில இடங்களில் செங்குத்தாகக் கீழிறங்கும். அப்படி ஒரு கீழ்நோக்கு ஓட்டத்தில் சிக்கியவர், தாம் விடும் குமிழிகள் மேலே போகாமல் தம் தோளைத் தாண்டிக் கீழே போவதைப் பார்ப்பார். அந்த நேரத்தில் மேடுகளை விட்டுத் திறந்த நீர்ப் பக்கம் விலகுவதும், பிசிடியில் (மிதப்பைக் கட்டுப்படுத்தும், காற்றடைக்கும் மேலங்கி) காற்றைச் சேர்ப்பதும், மேலே வரத் தொடங்கியதும் அந்தக் காற்றை உடனே வெளியேற்றி வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் யோசிக்காமலே கை செய்கிற பழக்கமாக இருக்க வேண்டும். குளத்திலிருந்து நேராக வருகிறவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கலாபகோஸின் டார்வின், வுல்ஃப் தீவுகளைப் பற்றி யாராவது ஆசை காட்டினாலும் இதே பதில்தான்.

தங்கு படகும் இப்போதைக்கு வேண்டாம். பல படகுகள் அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழையும், குறிப்பேட்டில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான முக்குளிப்புகளையும் கேட்கும். கேட்காத படகைக் கண்டுபிடித்தால் அதை இன்னும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அங்கே இடம் தேர்வாவது படகில் இருக்கும் தேர்ந்தவர்களின் விருப்பத்தை ஒட்டித்தான். காது வலிக்கிறது, இன்று களைப்பாக இருக்கிறது என்று நீங்கள் ஒதுங்கினால், நடுக்கடலில் மேல்தளத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

மீதமுள்ள மூன்றில் எது என்பதற்கு, புகைப்படங்களை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அந்த ஊரின் நல்ல காட்சிகள் எந்த ஆழத்தில் கிடைக்கின்றன? ஓப்பன் வாட்டர் சான்றிதழ் அனுமதிக்கும் எல்லை 18 மீட்டர். பத்து மீட்டர் இறங்கினால் சுற்றியுள்ள அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல இரு மடங்காகிறது, இருபதில் மும்மடங்காகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் சிலிண்டரிலிருந்து வெளியேறும் காற்றும் அதே விகிதத்தில் கூடும். புதியவர்கள் இயல்பாகவே வேகமாக மூச்சு வாங்குவார்கள். ஆகவே 18 மீட்டரில் காற்றளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடும் நேரத்தில், 8 மீட்டரில் இருந்திருந்தால் இன்னும் பாதிக் காற்று கையில் இருந்திருக்கக்கூடும். அதோடு, நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான். ஆழம் கூடக் கூடப் பவளம் நீலச் சாம்பலாகத் தெரியும். ஆழம் குறைந்த பவளத்திட்டில் நேரமும் கூடுதல், நிறமும் கூடுதல்.

தென்வாடை:

கடலாடி அவர்கள் தங்கு படகைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதற்காக மாலத்தீவு முழுவதையும் பட்டியலிலிருந்து நீக்குவது சரியல்ல. அங்கே கடினமானவை தீவுக் கூட்டங்களின் விளிம்பில் இருக்கும் கால்வாய்கள்; வெளிக்கடல் நீர் அவற்றின் வழியாகத்தான் உள்ளே வந்து போகிறது, சுறாக்களும் மாண்டாக்களும் அங்கே கூடுவதும் அதனால்தான். ஆனால் பல தீவு விடுதிகளில் அறையிலிருந்து நடந்தே இறங்கக்கூடிய பவளத்திட்டு உண்டு. மணல் தரையுள்ள உட்கடலில் பயிற்சியை முடித்துவிட்டு அதன் ஓரத்தில் நாள் முழுவதும் சுற்றலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் கற்றிருக்கிறார்கள்.

மாண்டாவுக்காக ஸ்கூபா தேவையே இல்லை என்பதையும் கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டும். பா பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டாக்கள் கூட்டமாக இரை தேடும் காட்சி உலகப் புகழ் பெற்றது. அங்கே சிலிண்டரோடு இறங்குவதே தடை செய்யப்பட்டிருக்கிறது, நீர்மட்டத்தில் மூச்சுக்குழாயோடு மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கல் மட்டும்தான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்கள்தாம் அதற்கான காலம். எனவே மாண்டா என்ற ஒரே காரணத்துக்காக முக்குளிக்கக் கடினமான இடத்துக்குப் போவதில் பொருளில்லை; இரண்டையும் தனித்தனிப் பயணமாகப் பிரித்துவிடலாம்.

உப்பளத்தான்:

தஹாப் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை. புதியவருக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் குறைவு என்பது என் கருத்து. ஊருக்குள்ளேயே இருக்கும் லைட்ஹவுஸ் பகுதியில் கரையிலிருந்து நடந்து இறங்கினால், மணல் சரிவு படிப்படியாக ஆழத்துக்குப் போகும். இரண்டு மீட்டரில் மண்டியிட்டு முகக்கவசத்தில் நீரை விட்டு வெளியேற்றிப் பழகலாம், அதே சரிவில் பத்துக்குப் போகலாம், பிடிக்கவில்லை என்றால் அதே வழியே திரும்பி நடந்து கரையேறலாம். தரை எப்போதும் கண்ணுக்குத் தெரிவதால், நீர்க்காகம் சொல்லும் மூச்சு வேகமாகும் பிரச்சினைக்கு இதுதான் மருந்து. படகைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை. கடல் குமட்டலும் இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள். அங்குள்ள ப்ளூ ஹோல் சுமார் 100 மீட்டர் ஆழமுள்ள குழி. ஐம்பது மீட்டருக்குக் கீழே உள்ள பாறை வளைவைக் கடக்க முயன்று பலர் உயிரிழந்திருக்கிறார்கள், கரையோரப் பாறையில் அவர்களுக்கான நினைவுக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அதன் மேல் விளிம்பில் வழிகாட்டியோடு ஆழமில்லாமல் நீந்துவது வேறு, அந்த வளைவு வேறு. இரண்டாவது, செங்கடலின் உப்புச்செறிவு சாதாரணக் கடலைவிட அதிகம் என்பதால் உடல் கூடுதலாக மிதக்கும். மூழ்குவதற்காகக் குளத்தில் கட்டிய அதே எடையோடு அங்கே இறங்கினால் கீழே போகவே முடியாது. முதல் நாளே எடையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கரீபியனில் இதே போன்ற ஊர் பொனேர். 1979 முதல் அந்தத் தீவைச் சுற்றிய கடல் முழுவதும் பாதுகாக்கப்பட்ட பூங்கா. சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் இடத்தின் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். வண்டியை நிறுத்திவிட்டு அங்கிருந்தே இறங்கலாம். எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் முதலில் ஓர் அறிமுக முக்குளிப்பை முடித்த பிறகே மற்ற இடங்களுக்கு அனுமதி.

கடலாடி:

கரையிலிருந்து இறங்குவது எளிது என்பது எல்லா நாளுக்கும் பொருந்தாது. சிலிண்டர், எடை எல்லாம் சேர்த்து இருபது கிலோவுக்கு மேல் முதுகில் ஏற்றிக்கொண்டு, வழுக்கும் பவளப் பாறைமீது, அலை முழங்காலில் மோதும்போது நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். பொனேரின் கரைகளில் பல அப்படிப்பட்டவைதாம். தஹாபில் வடகாற்று வலுக்கும் நாள்களும் உண்டு. நல்ல ஏணியுள்ள சிறு படகிலிருந்து ஓர் எட்டு முன்வைத்து நீரில் குதிப்பது அதைவிட எவ்வளவோ மேல். கரையா படகா என்பது கட்சிச் சண்டை அல்ல. இறங்குவதையும் ஏறுவதையும் அந்தப் பருவத்தில், அந்த இடத்தில், யார் உதவியோடு செய்யப் போகிறோம் என்பதே கேள்வி. முதுகு, முழங்கால் தொல்லை உள்ளவர்கள் இதை இன்னும் கவனமாகக் கேட்டறிய வேண்டும். சிலிண்டரை நீரிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு ஏணி ஏற அனுமதிக்கும் படகுகள் உள்ளன.

சங்குமுகம்:

ஊர்ப் பெயர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஆனால் நல்ல ஊரில் மோசமான டைவ் சென்டர் அமைந்தால் பயணம் வீண், சுமாரான ஊரில் பொறுமையான பயிற்றுநர் அமைந்தால் அதுவே பேறு. ஆகவே ஊரை முடிவு செய்யும் முன்பே அங்குள்ள சில நிலையங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதில் எப்படி வருகிறது என்று பார்ப்பது என் வழக்கம். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். திறந்த நீரில் எட்டுப் பேர் வரை இருக்கலாம் என்று விதி அனுமதித்தாலும், எட்டுப் பேரில் ஒருவருக்கு முகக்கவசத்தில் நீர் புகுந்தால் மற்ற ஏழு பேரும் தரையில் மண்டியிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். நான்கு பேருக்கு மேல் இல்லை என்று சொல்லும் இடத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, முக்குளிப்பு விபத்துக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை மிக அருகில் எங்கே, அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படும் நிலையத்துக்குப் போக வேண்டாம். முக்குளிப்பு விபத்துகளுக்கான தனிக் காப்பீடு உண்டு. வழக்கமான பயணக் காப்பீடுகளில் பல இதை விலக்கியே வைத்திருக்கும், சிறிய எழுத்தில் உள்ளதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

நீர்க்காகம் கவனிக்க வேண்டிய காகித வேலையும் இருக்கிறது. பாடமும் குளமும் ஓர் இடத்தில், கடல் வேறோர் இடத்தில் என்றால், முடித்த பகுதிகளுக்கான பரிந்துரைப் படிவத்தைக் கையொப்பத்துடன் வாங்கிச் செல்ல வேண்டும். பொதுவாக ஓராண்டுக்குள் கடல் பகுதியை முடித்தாக வேண்டும். மருத்துவக் கேள்வித்தாளையும் புறப்படும் முன்பே நிரப்பிப் பாருங்கள். ஆஸ்துமா, இதயம், நுரையீரல் தொடர்பான கேள்விகளில் ‘ஆம்’ என்று குறிக்க நேர்ந்தால் மருத்துவரின் ஒப்புதல் தேவைப்படும். தீவில் போய் இறங்கிய பிறகு அந்த ஒப்புதலுக்கு அலைவதில் விடுப்பு கரைந்துவிடும்.

கோ தாவ் பற்றி ஒரு வரி: உலகில் மிக அதிகமான புதியவர்களைப் பழக்கும் ஊர்களில் அது ஒன்று. ஆழம் குறைந்த விரிகுடாக்கள், வெதுவெதுப்பான நீர், போட்டி போடும் பள்ளிகள் எல்லாம் உண்டு. கூட்டமும் உண்டு, ஒரே மணல் திட்டில் மூன்று வகுப்புகள் ஒன்றாக மண்டியிட்டிருந்தால் கிளம்பும் கலங்கலில் உங்கள் பயிற்றுநரின் துடுப்பையே அடையாளம் காண முடியாது.

நீர்க்காகம்:

எல்லோருக்கும் நன்றி. கொமோடோவையும் தங்கு படகையும் நீக்கிவிட்டேன். ஹனிஃபாரு செய்தி எனக்குப் புதியது. அதைத் தனியாகத் திட்டமிடுவேன். இப்போது தஹாப், கோ தாவ், ஸ்வராஜ் தீவு மட்டும் மீதி. விடுப்பை டிசம்பர் நடுவிலோ பிப்ரவரியிலோ எடுக்கலாம். குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

தென்வாடை:

அப்படியென்றால் இடத்துக்கு முன் மாதத்தை முடிவு செய்யுங்கள். கோ தாவ் இருப்பது தாய்லாந்து வளைகுடாவில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை அங்கேதான் கொட்டும். கடல் கொந்தளிக்கும், காட்சித் தெளிவு குறையும். அதே நாட்டின் மேற்குக் கரையில் காலம் நேர்மாறானது: சிமிலான் தீவுகள் மே நடுவில் மூடப்பட்டு அக்டோபர் நடுவில்தான் திறக்கும். ஒரே நாட்டில் இரண்டு கடல், இரண்டு நாள்காட்டி. பிப்ரவரி என்றால் கோ தாவ் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

தஹாபில் பிப்ரவரி நீர் ஆண்டிலேயே குளிர்ந்தது, ஏறக்குறைய 21 அல்லது 22 பாகை செல்சியஸ். வீட்டுக் குளியலுக்கு அது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் நீர் உடலின் வெப்பத்தைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும், அசையாமல் மண்டியிட்டுப் பயிற்சி செய்யும் புதியவர்தான் முதலில் நடுங்குவார். நடுங்கும் உடல் கூடுதல் காற்றைத் தின்னும். குளிர் காக்கும் தடித்த வெட் சூட் போட்டால் மிதப்பு கூடும், அதற்கு மேலும் எடை கட்ட வேண்டும். குளிர் ஒத்துக்கொள்ளாதவருக்குத் தஹாப் கோடைக்கும் இலையுதிர் காலத்துக்கும் உரியது.

அந்தமானில் டிசம்பரின் முற்பகுதி வரை புயல் சின்னங்கள் தலைகாட்டக்கூடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். நீர் 27 பாகைக்கு மேல்.

உப்பளத்தான்:

தஹாபை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆனால் பிப்ரவரி என்றால் தென்வாடை சொல்வதே சரி. ஸ்வராஜ் தீவில் நீமோ ரீஃப் என்று அழைக்கப்படும் இடம் கரையை ஒட்டிய, ஆழம் குறைந்த, மணல் தரையுள்ள பகுதி. பயிற்சிகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். படகில் போகும் இடங்களிலும் 18 மீட்டருக்குள் அடங்குபவை உள்ளன. ஒரு விஷயம்: விமானம் இறங்கும் ஊரிலிருந்து அந்தத் தீவுக்குக் கப்பலில்தான் போக வேண்டும், வானிலை கெட்டால் சேவை நிற்கும். திரும்பும் விமானத்தின் அதே நாளில் கப்பலைப் பிடிக்கத் திட்டமிடாதீர்கள்.

சங்குமுகம்:

அந்த இடைவெளி நாளை வீண் என்று எண்ண வேண்டாம், எப்படியும் அது தேவை. முக்குளிக்கும்போது உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். விமானத்தில் காற்றழுத்தம் குறைவதால் அது குமிழியாகும் ஆபத்து கூடுகிறது. ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் தொடர்ந்து முக்குளித்திருந்தால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் அறிவுரை. முழு 24 மணி நேரம் விட்டுவிடுவதே மனத்துக்கு நிம்மதி.

போய்ச் சேர்ந்த நாளிலும் கடலில் இறங்க வேண்டாம். தூக்கம் கெட்டு, விமானத்தில் அடைத்த காதோடு முதல் முக்குளிப்புக்குப் போனால் இரண்டு மீட்டரிலேயே வலி தொடங்கும். புதியவர்களின் பயணத்தைக் கெடுப்பவற்றில் முதலிடம் சுறாவுக்கு அல்ல, காதுக்குத்தான். மணல் சரிவுள்ள இடம் நல்லது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம்: அங்கே ஒவ்வோர் அரை மீட்டருக்கும் நின்று, மூக்கைப் பிடித்துக் காதைச் சமன் செய்து, வலி வந்தால் சற்று மேலேறி மீண்டும் முயலலாம். செங்குத்தான பவளச் சுவரில் நிற்பதற்குத் தரை இல்லை; மிதப்புக் கட்டுப்பாடு கைவராதவர் காதைக் கவனிப்பதற்குள் ஐந்து மீட்டர் இறங்கியிருப்பார். சளி பிடித்திருந்தால் அன்று இறங்காதீர்கள். மூக்கடைப்பு மருந்தின் தயவில் இறங்குவதும் கூடாது. அதன் வீரியம் கடலுக்கடியில் தீர்ந்துவிட்டால் மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும்.

நெய்தலோன்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எந்த ஊரானாலும் பழைய புகைப்படங்களை நம்பிப் போக வேண்டாம். கடல் சூடேறியதால் உலகளவில் நான்காவது பெரும் பவள வெளிறல் நடைபெறுவதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஒரு திட்டு வெளிறி, பக்கத்துத் திட்டு நன்றாக இருப்பதும் உண்டு. ‘கடந்த மாதம் எடுத்த படம் இருக்கிறதா’ என்று நிலையத்தைக் கேட்டால் நேர்மையானவர்கள் அனுப்புவார்கள். புதியவரின் துடுப்பு பவளத்தில் இடித்துவிடும் சாத்தியம் அதிகம் என்பதாலும், முதல் பயணத்துக்கு மணல் நிறைந்த இடமே அந்தக் கடலுக்கும் நல்லது.

நீர்க்காகம்:

பிப்ரவரி, ஸ்வராஜ் தீவு என்று முடிவு செய்துவிட்டேன். சில நிலையங்களுக்கு எழுதினேன். ஒன்று விலைப் பட்டியலை மட்டும் அனுப்பியது. இன்னொன்று, ஒரு பயிற்றுநருக்கு மூன்று பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்றும், தரை தெரியாத இடத்தில் பதற்றம் வரும் என்று நான் எழுதியிருந்ததால் முதல் நாள் முழுவதும் இடுப்பளவு நீரில் தொடங்கலாம் என்றும் பதில் எழுதியது. அதிலேயே பதிவு செய்திருக்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி: ஓப்பன் வாட்டர் முடிந்ததும் அதே வாரத்தில் அட்வான்ஸ்டு பயிற்சியையும் சேர்த்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

தென்வாடை:

செய்யலாம் என்பேன். அதில் ஒரு முக்குளிப்பை மிதப்புக் கட்டுப்பாட்டுக்கே ஒதுக்கிக்கொள்ள முடியும், பயிற்றுநர் பக்கத்திலேயே இருப்பார். அடுத்த பயணத்தில் கதவுகள் திறக்கும்.

கடலாடி:

விதி தடுக்கவில்லை, ஆனாலும் இந்த வாரத்தில் வேண்டாம் என்பதே என் கருத்து. அட்வான்ஸ்டு உங்களை 30 மீட்டர் வரை அழைத்துப் போகும். காற்றளவைப் பார்ப்பதும், காதைச் சமன் செய்வதும், தரையைத் தொடாமல் மிதப்பதும் இன்னும் தனித்தனி வேலைகளாக இருக்கும் நிலையில் 30 மீட்டரில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. மிதப்புக் கட்டுப்பாட்டில் பயிற்சி வேண்டுமென்றால் அதை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கலாம். மீதி நாள்களில் ஒரே திட்டுக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். சலிக்குமே என்று நிலையத்தார் வேறு இடங்களைக் காட்டுவார்கள், மறுத்துவிடுங்கள். ஒரே இடத்தில் 12 மீட்டருக்குள் முக்குளித்து, ஒவ்வொரு முறையும் சிலிண்டரில் 50 பார் அழுத்தக் காற்று மிச்சத்தோடு மேலே வரும்போது எத்தனை நிமிடம் கழிந்திருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். அந்த நிமிடங்கள் கூடிக்கொண்டே போனால் மூச்சு அடங்கி வருகிறது என்று பொருள். அட்வான்ஸ்டு எப்போது என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம். வாங்குவதானால் முகக்கவசம் மட்டும் சொந்தமாக வாங்குங்கள், மற்றவை வாடகைக்குப் போதும். முகத்தில் பட்டையில்லாமல் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சும்போது விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. புதுக் கண்ணாடியின் உட்பக்கத்தைப் பற்பசையால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு எடுத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் நாள் முழுவதும் பனிமூட்டம்தான் தெரியும்.